உங்களுக்குத் தெரியுமா? திடுக்கிடும் அறிவியல் செய்திகளும் நம் விரல் நுனியும்

இயற்பியலிலோ தொழில்நுட்பத்திலோ திடுக்கிட வைக்கும் செய்தி ஒன்று கைப்பேசிக்கு வந்துவிட்டால், மலேசியாவின் மூவாரில் இருப்பவரும் தமிழ்நாட்டின் மதுரையில் இருப்பவரும் அதே வேகத்தில் அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறோம். சிலர் அப்படியே நம்புகிறார்கள். சிலர் கேலி செய்துவிட்டு நகர்கிறார்கள். இந்த இரண்டையும் விட மதிப்புள்ள வழி ஒன்று உண்டு: சோதித்துப் பார்ப்பது. அந்த வழியில் போனவர்களையும் போகத் தவறியவர்களையும் பற்றிய துணுக்குகள் இதோ.

மூவார் நின்றது, கார்கள் நின்றன

2021 ஆகஸ்டில் உலகக் கார்த் தொழில்துறை பரபரப்போடு உச்சரித்த ஊர்களில் ஒன்று நம் மூவார் என்பது தெரியுமா? தஞ்சோங் அகாஸ் தொழிற்பேட்டையில் எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. வேறு நாடுகளில் சிலிக்கான் தகட்டில் உருவான சில்லுகள் இங்கே வந்துதான் தனித்தனியாகப் பொருத்தப்பட்டு, மயிரிழைக் கம்பிகளால் இணைக்கப்பட்டு, உறையிடப்பட்டு, சோதிக்கப்படுகின்றன. கோவிட் பரவலால் ஆலையின் சில பகுதிகள் மூடப்பட்டன. போஷ் நிறுவனத்தின் சீனப் பிரிவு மூத்த நிர்வாகி ஒருவர், மூவார் ஆலை நின்றதால் தங்களுக்குச் சில்லு வரவில்லை என்று சமூக ஊடகத்தில் எழுதினார். சீனக் கார் நிறுவனத் தலைவர்கள் தங்கள் கவலையை இணையத்தில் கொட்டினார்கள். அதே மாதத்தில் ஈலான் மஸ்க்கும், தம்மை மிகவும் வாட்டுவது சாதாரணக் கார்ச் சில்லுகளின் பற்றாக்குறைதான் என்று ட்விட்டரில் சொன்னார்.

பலருக்கு ஆச்சரியமாக இருந்தது இதுதான்: இலட்சக்கணக்கான ரிங்கிட் விலையுள்ள கார், விரல் நகத்தளவு சில்லு இல்லாமல் ஆலையை விட்டு வெளியே வராது. கார் சறுக்கும்போது நான்கு சக்கரங்களின் வேகத்தையும் வண்டி திரும்பும் வேகத்தையும் ஒப்பிட்டு, எந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடவேண்டும் என்று முடிவெடுக்கும் நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு அந்தச் சில்லு வேண்டும். உலகில் நடக்கும் சில்லு உறையிடல், சோதனை வேலைகளில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடப்பதாகத் தொழில்துறையினர் கணக்கிடுகிறார்கள். நம் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் ஷிப்ட் முறையில் செய்யும் வேலையின் எடையை உலகம் உணர்ந்த மாதம் அது.

முட்டையும் உலக்கையும்

2019 டிசம்பர் 26இல் நிகழ்ந்த வளையச் சூரிய கிரகணம், தமிழர் வாழும் ஊர்களைக் கோத்துக்கொண்டு போனது. கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சி, யாழ்ப்பாணம், ஜொகூரின் தென்முனையான தஞ்சோங் பியாய், சிங்கப்பூர் எல்லாம் அதன் பாதையில் இருந்தன. மூவாரில் அது பகுதி கிரகணமாகத் தெரிந்தது. அன்று மலேசியர்கள், செங்குத்தாக நிற்கும் முட்டைகளின் படங்களை இணையத்தில் குவித்தார்கள். தமிழ்நாட்டில் தாம்பாளத் தண்ணீரில் நிற்கும் உலக்கைகளின் படங்கள் வலம் வந்தன. கிரகணத்தின் இழுவிசையே காரணம் என்றார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சூரியனும் நிலவும் சேர்ந்து உண்டாக்கும் ஓத விசை, ஒரு பொருளின் எடையில் கோடியில் இரண்டு பங்கைக்கூட எட்டாது. அதுவும் கிரகணத்துக்கென்று கூடுவதில்லை; ஒவ்வோர் அமாவாசையிலும் ஏறக்குறைய அதே அளவுதான். முட்டை நிற்பதற்குக் காரணம் அதன் ஓட்டிலேயே இருக்கிறது. ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத மேடுகள் உண்டு. அவற்றில் மூன்று மேசையைத் தொட்டு, முட்டையின் ஈர்ப்பு மையம் அந்த மூன்றுக்கும் நடுவே விழுந்தால், முக்காலிபோல் நின்றுவிடும். உலக்கையின் அடியில் தட்டையான பூண் இருக்கிறது. நிதானமாக நிறுத்தினால் எந்த நாளிலும் நிற்கும். அடுத்த வளையக் கிரகணம் தென்னிந்தியா, வட இலங்கை, மலேசியா வழியாக 2031 மே 21இல் வருகிறது. முதல் நாளும் மறுநாளும்கூட முட்டையை நிறுத்திப் பார்த்துக் குறித்து வையுங்கள். அதுதான் சோதனை.

மார்ச் மாத வெப்பப் புரளி

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் வந்தால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஒரு தகவல் சுற்றும்: சம இரவு பகல் நாளையொட்டி அடுத்த ஐந்து நாள்களுக்கு வெப்பம் 40 பாகையைத் தொடும், வெளியே போகாதீர்கள் என்று. மலேசியாவில் இதுவரை பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 40.1 பாகை செல்சியஸ். அது 1998 ஏப்ரல் 9இல் பெர்லிஸ் மாநிலத்துச் சூப்பிங்கில் பதிவானது. எல் நினோ வறட்சி வாட்டிய ஆண்டு அது. சம இரவு பகல் நாளோ ஆண்டுக்கு இருமுறை தவறாமல் வந்து போகிறது.

அந்த நாள்களையொட்டி மூவாரில் பார்க்கத்தக்க உண்மையான அதிசயம் வேறு. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 2 பாகையில் இருக்கிறது. அதனால் மார்ச் 25, 26 வாக்கிலும் செப்டம்பர் 17, 18 வாக்கிலும் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. மார்ச்சில் பிற்பகல் 1.15 மணியளவில், செப்டம்பரில் 1.05 மணியளவில், தஞ்சோங் எமாஸ் பூங்காவில் நேராக நட்ட கோலுக்கு நிழல் இராது. சென்னையில் இதே காட்சியைக் காண ஏப்ரல் 24 வரை காத்திருக்க வேண்டும். பகிர வேண்டிய செய்தி இது. பிள்ளைகளோடு சென்று பார்க்க வேண்டிய செய்தியும் இதுவே.

சூரியன் அவ்வளவு தூரம் போகிறதா?

"நாளை காலை 5.27 முதல் பூமி சூரியனை விட்டு வெகுதூரம் போகும். 9 கோடி கிலோமீட்டராக இருந்த தொலைவு 15.2 கோடியாகும்; குளிர் வாட்டும், காய்ச்சல் வரும்." இந்த வாட்சாப் எச்சரிக்கை மலாயிலும் தமிழிலும் பலமுறை வந்துவிட்டது. 15.2 கோடி என்ற எண் சரி. 9 கோடி என்ற எண்தான் பிழை. சூரியனிடமிருந்து பூமியின் சராசரித் தொலைவு 14.96 கோடி கிலோமீட்டர். ஜனவரித் தொடக்கத்தில் 14.71 கோடியாகக் குறையும். ஜூலைத் தொடக்கத்தில் 15.21 கோடியாகக் கூடும். வேறுபாடு சுமார் 3 விழுக்காடு. நாம் தொலைவில் இருக்கும் அந்த ஜூலையில்தான் ஐரோப்பா கோடையில் வேகிறது. சரியான எண் ஒன்றோடு தவறான எண் ஒன்றைச் சேர்த்தால் புரளி எவ்வளவு நம்பத்தக்கதாகிவிடுகிறது, பாருங்கள்.

நள்ளிரவில் கைப்பேசியை அணைக்க வேண்டுமா?

இரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர்கள் பூமியைக் கடக்கும், கைப்பேசியை அணைத்து உடலை விட்டுத் தள்ளி வையுங்கள் என்று நாசா, பிபிசி பெயர்களைப் போட்டு வரும் தகவலுக்குப் பல ஆண்டு வயது. காஸ்மிக் கதிர்களோ எந்நேரமும் வந்துகொண்டே இருக்கின்றன. 1912இல் பலூனில் ஏறி அவற்றைக் கண்டறிந்த விக்டர் ஹெஸ்ஸுக்கு 1936இல் நோபெல் பரிசு கிடைத்தது. அக்கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதிச் சிதறும்போது மியூவான் என்னும் துகள்கள் பிறக்கின்றன. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அவை விழுகின்றன. இந்த வரியைப் படிக்கும் நேரத்தில் உங்கள் உள்ளங்கை வழியாகச் சில போயிருக்கும். கைப்பேசியை அணைத்தாலும் அவை வரும், அணைக்காவிட்டாலும் வரும்.

ஊட்டி மலையில் ஒரு காவல்

அந்த மியூவான்களை எண்ணிக்கொண்டே இருக்கும் கருவி ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உதகமண்டலத்தில், கடல் மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டர் உயரத்தில் நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வகத்தின் மியூவான் தொலைநோக்கி அது. பரப்பு 560 சதுர மீட்டர். 2015 ஜூன் 22இல் சூரியப் புயல் ஒன்று பூமியின் காந்தப் புலத்தை நெருக்கியபோது, இரண்டு மணி நேரம் மியூவான் எண்ணிக்கை எகிறியதை அது பதிவு செய்தது. 2016இல் ஆய்வுக் கட்டுரை வெளியானதும், பூமியின் காந்தக் கவசத்தில் விரிசல் என்ற தலைப்பு இணையத்தைச் சுற்றி வந்தது. பலர் பயந்தார்கள். கவசம் சற்று நேரம் தளர்ந்து, மீண்டும் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்பது கட்டுரைக்குள்ளேயே இருந்தது. தலைப்பைப் பகிர்ந்த பலரும் அந்தப் பகுதி வரை போகவில்லை.

ஒரு மேகத்தில் 130 கோடி வோல்ட்

அதே ஊட்டி ஆய்வகம் 2019 மார்ச்சில் இன்னொரு வியப்பைத் தந்தது. 2014 டிசம்பர் 1இல் தலைக்கு மேல் கடந்து சென்ற இடிமேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று கணக்கிட்டுச் சொன்னது. அதற்கு முன் பலூன்களை அனுப்பி அளந்த உச்ச அளவைப்போல் இது பத்து மடங்கு. மேகத்துக்குள் எவரும் போகவில்லை. மியூவான்களின் எண்ணிக்கை 18 நிமிடம் 2 விழுக்காடு குறைந்ததை வைத்து, அவற்றைத் தடுத்து நிறுத்த எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். இடிமேகத்தில் 100 கோடி வோல்ட் வரை இருக்கலாம் என்று சி.டி.ஆர். வில்சன் 1920களிலேயே ஊகித்திருந்தார். ஊகம் அளவீடாக மாற ஏறக்குறைய 90 ஆண்டுகள் ஆயின. மாலைதோறும் இடி முழங்கும் மலேசியாவின் மேற்குக் கரையில் வாழும் நமக்கு, தலைக்கு மேலே எவ்வளவு பெரிய மின்கலம் தொங்குகிறது என்பது இப்போது தெரிகிறது.

மிதந்த கல்லும் முகநூல் பதிவும்

2023 ஜூலை 22இல் தென்கொரியக் குழு ஒன்று, 127 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருளை, அதாவது மீக்கடத்தியை, செய்துவிட்டதாக அறிவித்தது. பெயர் எல்கே-99. காந்தத்தின் மேல் பாதி மிதக்கும் கரிய கல் துண்டின் காணொளியைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். உண்மையானால் மின்கம்பிகளில் மின்சாரம் வீணாகாது, மருத்துவமனை ஸ்கேன் கருவிகள் மலிவாகும். மகிழ்ச்சிக்குக் காரணம் இருந்தது.

புது டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் வி.பி.எஸ். அவானாவின் குழு உடனே அடுப்பைப் பற்றவைத்தது. செய்முறையில் சொன்னபடி செய்து பார்த்து, தங்கள் மாதிரி மிதக்கவில்லை, அறை வெப்பநிலையில் மீக்கடத்தியாகவும் இல்லை என்று ஆய்வேட்டிலும் முகநூலிலும் வெளியிட்டார்கள். கொரியக் குழுவின் மாதிரியில் மின்தடை திடீரென விழுந்ததற்குக் காரணம், கலப்படமாகச் சேர்ந்திருந்த செப்பு சல்பைடு என்று பிறகு தெரியவந்தது. 104 பாகையில் அது நிலைமாறும் பொருள். ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் கலப்படமில்லாமல் வளர்த்த படிகம் ஊதா நிறத்தில் பளிங்காக இருந்தது; மின்சாரத்தையே கடத்தவில்லை. மூன்று, நான்கு வாரங்களிலேயே உலகம் ஒரு கேள்விக்கு விடை கண்டது. இது அறிவியலின் தோல்வி என்று சிலர் எழுதினார்கள். எனக்கு இது அறிவியலின் வெற்றி.

ஒளியை முந்திய துகள்?

2011 செப்டம்பரில், ஜெனீவாவிலிருந்து நிலத்தடி வழியாக 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலிக்கு அனுப்பிய நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோநொடி முன்னதாக வந்ததாக ஓபரா குழு அறிவித்தது. ஐன்ஸ்டைன் தோற்றார் என்று இணையம் குதித்தது. பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜிம் அல்-கலீலி, இது உண்மையானால் தொலைக்காட்சி நேரலையில் தம் உள்ளாடையைத் தின்பதாகச் சவால் விட்டார். 2012இல் காரணம் தெரிந்தது: ஒழுங்காகச் செருகப்படாத ஓர் ஒளியிழைக் கம்பி. அந்த அறிவிப்பில் போற்றத்தக்கது ஒன்று உண்டு. எங்களுக்கே புரியவில்லை, தவறு இருந்தால் கண்டுபிடியுங்கள் என்ற தொனியில்தான் குழு தன் அளவீட்டை உலகின் முன் வைத்தது.

நியூட்ரினோவுக்கும் தமிழருக்கும் பழைய உறவு உண்டு. காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்கள் 1965இல் முதன்முதலாகப் பதிவான இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல். 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் அந்தச் சுரங்கத்தை வெட்டிய தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் என்ற திட்டம் வந்தபோது, அந்தத் துகளே ஆபத்து என்ற பேச்சு பரவியது. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நொடிக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6,000 கோடிக்கு மேல் நம் உடலைத் துளைத்துச் செல்கின்றன. ஏறக்குறைய எதையும் தொடாமல் போகின்றன. மலை, காடு, நீர் பற்றி மக்கள் எழுப்பிய கேள்விகள் வேறு; அவற்றுக்கு நேர்மையான பதில் தரப்பட வேண்டும். துகளைப் பற்றிய அச்சம் மட்டும் ஆதாரமற்றது.

தண்ணீரில் பெட்ரோல்

இணையம் பரவும் முன்பே தமிழ்நாட்டை ஆட்டிய அறிவியல் செய்தி, 1996இல் இராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளை அறிவித்த மூலிகை பெட்ரோல். மூலிகையைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சினால் எரிபொருள் கிடைக்கும் என்றார். பெரிய மனிதர்கள்வரை நம்பினார்கள். 2016இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. பள்ளிக்கூட வேதியியலே இங்கே போதும். பெட்ரோல் கரிமமும் ஹைட்ரஜனும் சேர்ந்தது. தண்ணீரில் கரிமம் கிடையாது. அதோடு, ஹைட்ரஜன் எரிந்து முடிந்தபின் எஞ்சுவதுதான் தண்ணீர். எரிந்து முடிந்ததை மறுபடி எரித்து ஆற்றல் எடுக்க முடியாது. தண்ணீரில் ஓடும் வண்டி என்ற காணொளி இனி வந்தால் இந்த ஒரு வரியை நினைவில் கொள்ளுங்கள்.

கேலியும் தவறலாம்

நம்புகிறவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று எண்ண வேண்டாம். 1935 ஜனவரி 11இல் இலண்டன் அரச வானியல் கழகக் கூட்டத்தில், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த 24 வயது சுப்பிரமணியன் சந்திரசேகர் எழுந்து பேசினார். சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு நிறைக்கு மேற்பட்ட விண்மீன், வெள்ளைக் குள்ளனாக ஓய்வெடுக்க முடியாது, மேலும் நொறுங்கும் என்றார். அக்காலத்தின் பெரும் வானியலாளர் ஆர்தர் எடிங்டன் அடுத்து எழுந்து அதை எள்ளி நகையாடினார். அவையும் சேர்ந்து சிரித்தது. கணக்கைச் சரிபார்த்து எவரும் பிழை காட்டவில்லை. 1983இல் சந்திரசேகருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. சோதிக்காத நம்பிக்கை எவ்வளவு கெடுதியோ, சோதிக்காத சிரிப்பும் அவ்வளவே கெடுதி.

பொய்க்கு ஏன் இவ்வளவு வேகம்?

2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 தகவல்களை எம்ஐடி ஆய்வாளர்கள் அலசி, 2018இல் சயன்ஸ் இதழில் முடிவை வெளியிட்டார்கள். உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 விழுக்காடு அதிகம். 1,500 பேரை எட்ட, பொய்யைப்போல் ஆறு மடங்கு நேரம் உண்மைக்குத் தேவைப்பட்டது. தானியங்கிக் கணக்குகள்மேல் பழி போடவும் வழியில்லை. அவை மெய்யையும் பொய்யையும் ஒரே அளவில்தான் பரப்பின. வேறுபாட்டை உண்டாக்கியவர்கள் மனிதர்கள். பொய்ச் செய்தி புதுமையாக இருந்தது, அதற்கு வந்த மறுமொழிகளில் வியப்பு மிகுதியாக இருந்தது என்றும் கண்டார்கள்.

வழி அடைத்தால் வேகம் குறையும் என்பதற்கும் சான்று உண்டு. பலமுறை கைமாறிய தகவலை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் வாட்சாப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அத்தகைய தகவல்களின் பரவல் 70 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனம் தெரிவித்தது. மலேசியாவில் ஐயத்துக்குரிய செய்திகளைச் சரிபார்க்க, தொடர்பு பல்லூடக ஆணையம் 2017 முதல் செபெனார்னியா என்ற இணையத்தளத்தை நடத்துகிறது.

நாசாவுக்குச் சொன்ன தமிழர்

2019 செப்டம்பர் 7இல் சந்திரயான்-2இன் விக்ரம் தரையிறங்கு கலம் நிலவை நெருங்கும் நேரத்தில் தொடர்பை இழந்தது. இணையத்தில் பலர் அழுதார்கள், பலர் ஏசினார்கள், பலர் ஆளாளுக்குக் கதை கட்டினார்கள். சென்னையில் பணியாற்றிய மதுரைக்காரரான பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் வேறொன்று செய்தார். நிலவைச் சுற்றும் நாசா விண்கலம் எடுத்த படங்கள் எவரும் பார்க்கும்படி வெளியானபோது, விழுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். முன்பு இல்லாத ஒரு வெளிர்ப் புள்ளியைக் கண்டு நாசாவுக்கு எழுதினார். விண்கலக் குழு புதிய படங்களோடு ஒப்பிட்டு அது விக்ரமின் சிதறல் என்று உறுதி செய்து, 2019 டிசம்பர் 2இல் அவர் பெயரோடு அறிவித்தது. அந்தத் துண்டு கிடந்த இடம், முதன்மை மோதல் இடத்துக்கு வடமேற்கே சுமார் 750 மீட்டர்.

அவரிடம் இருந்தவை மடிக்கணினி, இணைய இணைப்பு, பொறுமை. இவை மூவாரிலும் நிறையவே இருக்கின்றன.

பகிர்வதற்கு முன் மூன்று கேள்விகள்

ஒன்று: யார் அளந்தார்கள்? நாசா, பிபிசி என்ற பெயர் மட்டும் போதாது. நாளும் இடமும் வேண்டும்.

இரண்டு: வேறு யாராவது அளந்து பார்த்தார்களா? எல்கே-99க்கு ஒரே மாதத்தில் கிடைத்த விடை, இந்தக் கேள்வியைப் பல நாடுகளின் ஆய்வகங்கள் கேட்டதால் கிடைத்தது.

மூன்று: நானே பார்க்க முடியுமா? முட்டையை நிறுத்தலாம், கோலின் நிழலை அளக்கலாம், தொலைவின் கணக்கைப் போடலாம். முடியாதவற்றுக்கு முதல் இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

மூன்றுக்கும் விடை கிடைத்த செய்தியைத் தாராளமாக அனுப்புங்கள். கிடைக்காத செய்தியை அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால், "இது உண்மையா, யாருக்காவது தெரியுமா?" என்ற ஒரு வரியை முதலில் எழுதிவிட்டு அனுப்புங்கள். அந்த ஒரு வரியால், புரளிக்கு வழிவிடும் குடும்பக் குழுவே அதைச் சரிபார்க்கும் குழுவாக மாறலாம்.